மூன்று தடவை மதுரை, ஒரு தடவை மயக்கம்

ஆபரேஷன் முக்கால் மணி நேரம்கூட இல்லை. அதற்காகத் தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்கு மூன்று தடவை பஸ் ஏறினோம். இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினோம்.

மகனுக்கு இரண்டரை வயது. குடலிறக்கம். அழுதால் தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் போலப் புடைக்கும். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர் என்பதால் மீன்பிடித் தடைக்காலத்திலேயே முடித்துவிட நினைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இருக்கிறதே என்ற தைரியம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, காப்பீட்டு அட்டை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

முதல் தடவை சளி கெடுத்தது. லேசான இருமல்தானே என்று கூட்டிப் போய்விட்டேன். சளியோடு மயக்கம் கொடுத்தால் மூச்சுப்பாதை இறுகிக்கொள்ளலாம், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கிளம்புமுன் ஒரு போன் செய்திருந்தால் நாலு மணி நேரப் பஸ் பயணம் மிச்சம்.

அந்த மூன்று வாரத்தில்தான் நாத்தனார் வாட்ஸ்ஆப்பில் ஒன்றை அனுப்பினார்: மூன்று வயதுக்குள் மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி கெடும், அமெரிக்காவே எச்சரித்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. "பேசாம மூணு வயசு முடியட்டுமே" என்று இவரும் ஆரம்பித்தார்.

இரண்டாவது தடவை அப்பத்தாவும் வந்தார். பால், சாப்பாடு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம். இதை நூறு தடவை சொல்லியிருந்தேன். பரமக்குடியில் பஸ் நின்றபோது நான் கண்ணயர்ந்திருந்தேன். மதுரையில் டாக்டர், "ஏதாவது சாப்பிட்டானா?" என்றதும் அப்பத்தா, "பச்சத் தண்ணி பல்லுல படல" என்று சத்தியம் செய்யாத குறை. பையன், "பன்னு!" என்றான். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு வாரம் தள்ளிப்போனது.

பஸ்காசு போனாலும் அந்தப் பன்னால் ஒரு நன்மை. ஆபரேஷன் இல்லாததால் மயக்க மருந்து டாக்டருக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. போனை நீட்டினேன். படித்துவிட்டு, "செய்தி பொய்யில்லம்மா, பாதியை வெட்டிட்டாங்க" என்றார். 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது, மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தைப் பற்றி. அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு உயிர் வந்த இடம். இதே குடலிறக்கத்துக்காக 7 நாடுகளில் 722 கைக்குழந்தைகளைக் குலுக்கல் போலப் பிரித்து, ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறு பாதிக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து வயதில் சோதித்தபோது அறிவுத்திறனில் வித்தியாசமில்லை. 2019இல் லான்செட் இதழில் வந்தது. பல தடவை மயக்கம் வாங்கிய பிள்ளைகளிடம் கைவேலையிலும் யோசிக்கும் வேகத்திலும் சின்னக் குறை தெரிந்தது என்று வேறோர் ஆய்வு உண்டு என்பதையும் மறைக்கவில்லை. "ஆனா தள்ளிப்போட்டு, அந்தப் புடைப்புல குடல் மாட்டிக்கிட்டா ராத்திரியோட ராத்திரியா ஓடி வரணுமே, பாம்பன் பாலத்தைத் தாண்டி" என்றார். இவர் வாயே திறக்கவில்லை.

மூன்றாவது தடவை அப்பத்தாவை வீட்டில் விட்டுவிட்டோம். நல்லபடியாக முடிந்தது.

எனக்குக் கோபமெல்லாம் அதற்கப்புறம்தான். கண் விழித்தவன் என்னையே யாரோ மாதிரி பார்த்து, அரை மணி நேரம் கத்தி உதைத்தான். வீட்டுக்கு வந்தும் ராத்திரி அலறல், நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி, நான் கிணற்றடிக்குப் போனால்கூடச் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுகை. மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். டிஸ்சார்ஜ் சீட்டில் தையல், குளியல், மாத்திரை பற்றி எல்லாம் இருந்தது. இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நாலாம் நாள் போன் செய்தால், "அதெல்லாம் நார்மல்தாம்மா, ரெண்டு வாரத்துல சரியாயிரும்" என்றார் நர்ஸ். விழித்ததும் கத்துவது சில மயக்க வாயுக்களுக்குப் பிறகு சின்னப் பிள்ளைகளிடம் சாதாரணமாம், வீட்டில் செய்வது பயந்துபோனதன் மிச்சமாம். இந்த ரெண்டு வாக்கியத்தை முதல் நாளே சொல்ல என்ன செலவு? உங்கள் பிள்ளைக்கு என்றால் தையலைப் பற்றிக் கேட்கும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.

தடைக்காலம் முடிந்து இவர் கடலுக்குப் போன அன்று ராத்திரிதான் பையன் பாயை நனைக்காமல் தூங்கினான். காலையில் எழுந்ததும் அப்பத்தாவிடம் போய் பன் கேட்டான்.