கச்சத்தீவு: 150 சொற்களுக்குள் ஒரு கேள்வி

தமிழ்நாட்டைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் ஒருவரிடம் சில காலம் ஆய்வு உதவியாளராக இருந்தேன். அவருக்காகக் கேள்விகள் தயாரிப்பதுதான் முக்கிய வேலை. சட்டம் படித்தவள் என்பதால் சட்ட அமைச்சகமும் வெளியுறவும் என் தலையில் விழுந்தன. உறுப்பினர் எழுந்து கேட்பார், அமைச்சர் எழுந்து பதில் சொல்வார் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான கேள்விகளுக்கு அவையில் யாரும் வாயே திறப்பதில்லை. ஒரு நாளுக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு வரும். வாய்மொழிப் பதில் அவற்றுக்கு மட்டும்தான். குறி இல்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். நாங்கள் 'ஸ்டார்டு', 'அன்ஸ்டார்டு' என்போம்.

ஒரு கூட்டத்தொடருக்கு முன்னால் எம்.பி. போனில் சொன்னார்: "கச்சத்தீவை யாரைக் கேட்டும்மா கொடுத்தாங்க? அரசமைப்பைத் திருத்தாம இப்படி ஒரு துரோகத்தைப் பண்ண முடியுமா? இதை ஸ்டார்டுல போடு."

கோபத்தைக் கழித்துப் பார்த்தால் உள்ளே நல்ல சட்டக் கேள்வி இருக்கிறது. 1958-ல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியைப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். இந்திய நிலத்தை வேறொரு நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதனால் வந்ததுதான் ஒன்பதாவது திருத்தம். 1974 மே மாதம் இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரகுமானும் நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வங்கதேசத்துக்குள் சிக்கியிருந்த 111 இந்திய நிலத்துண்டுகள் அங்கே போகவும், இந்தியாவுக்குள் இருந்த 51 இங்கே வரவும் 2015-ல் 100-வது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே 1974-ல், அடுத்த மாதமே, அதே இந்திரா காந்தி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் கச்சத்தீவு கடல் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. அதற்குத் திருத்தம் எதுவும் இல்லை.

அரசின் விளக்கம் எல்லா ஆட்சியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பகுதியில் எல்லையே வகுக்கப்படாமல் இருந்தது. எனவே நிலம் விட்டுக்கொடுக்கப்படவில்லை, தகராறில் இருந்த எல்லைதான் முடிவானது. பாகிஸ்தானோடு இருந்த கட்ச் எல்லைத் தகராறு பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 1969 தீர்ப்பு இதற்குத் துணை நிற்கிறது. எல்லைத் தகராறைத் தீர்ப்பது வேறு, நிலத்தைக் கொடுப்பது வேறு என்றது நீதிமன்றம். கச்சத்தீவின் மீது ராமநாதபுரம் ஜமீனுக்கு இருந்த உரிமை பற்றிய ஆவணங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கம் லேசில் செரிக்காது. எனக்கும் செரிக்கவில்லை. அதற்காக அதை வெறும் சாக்கு என்று தள்ளவும் முடியாது.

சரி, இதைக் கேள்வியாக்க வேண்டும். மக்களவை விதி 41 சொல்லும் தடைகளின் பட்டியல் நீளம். கேள்வி சாதாரணமாக 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. வாதம் கூடாது, கிண்டல் கூடாது, ஊகம் கூடாது, யார் மீதும் பழி கூடாது. 'துரோகம்' அங்கேயே போனது. கருத்துக் கேட்கக் கூடாது, வெறும் சட்ட விளக்கம் கேட்கக் கூடாது. நட்பு நாட்டைப் பற்றி மரியாதைக் குறைவாக எழுதக் கூடாது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கைத் தொடக் கூடாது. கச்சத்தீவைப் பற்றி ஜெயலலிதா 2008-லும் கருணாநிதி 2013-லும் உச்ச நீதிமன்றம் போயிருந்தார்கள். எல்லாருக்கும் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளதையும் கேட்கக் கூடாது. ரகசியம் என்றால் சொல்ல மாட்டார்கள், ரகசியம் இல்லை என்றால் நீயே போய்ப் படித்துக்கொள் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் கேள்வியை வைக்க வேண்டும்.

எழுத உட்காருவதற்கு முன் பழைய பதில்களைப் படிப்பது என் வழக்கம். நாடாளுமன்ற இணையதளத்தில் தேடினால் கிடைக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயமும் இதுதான். கச்சத்தீவு பற்றிய பதில்களைத் தொடர்ந்து படித்தால் கிட்டத்தட்ட மனப்பாடமே ஆகிவிடும்: 1974, 1976 ஒப்பந்தங்கள், தீவு சர்வதேசக் கடல் எல்லைக் கோட்டின் இலங்கைப் பக்கம் இருக்கிறது, விவகாரம் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. எம்.பி. சொன்ன கேள்வியை எவ்வளவு செதுக்கி அனுப்பினாலும் இதே பத்திதான் திரும்பி வரும். பெரிய கேள்விக்குத் தயார் பதில் எப்போதும் இருக்கும். எண்ணிக்கை, தேதி, பட்டியல் கேட்டால்தான் யாராவது ஒருவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

அதனால் இரண்டாகப் பிரித்தேன். சட்ட அமைச்சகத்துக்கு ஒன்று: 1950 முதல் அண்டை நாடுகளோடு செய்த நில, கடல் எல்லை ஒப்பந்தங்கள் எவை, அவற்றில் எவற்றை நிறைவேற்ற அரசமைப்பு திருத்தப்பட்டது. இதில் கச்சத்தீவு என்ற பெயரே கிடையாது. நேர்மையான பட்டியல் வந்தால் அது தானே உள்ளே இருக்கும். வெளியுறவுக்கு இன்னொன்று: 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், பயண ஆவணம், விசா தேவையில்லை என்கிறது. அதன்படி தீவில் நடக்கும் அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆண்டுவாரியாக எத்தனை பேர் போனார்கள், அனுமதி கேட்டு விடுபட்டவர்கள் எத்தனை பேர், இலங்கையிடம் இது பேசப்பட்டதா, ஆமெனில் விவரம், இல்லையெனில் காரணம்.

எம்.பி. வாசித்துவிட்டு முகம் சுளித்தார். "இது கேள்வியாம்மா? கிளார்க் கேக்குற மாதிரி இருக்கு."

"கிளார்க் கேட்டாத்தான் சார் ஃபைலை எடுப்பாங்க."

சிரித்தார், ஆனால் வெளியுறவுக் கேள்வியை ஸ்டார்டில்தான் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அவர் பக்கம் நியாயம் உண்டு. தொகுதியில் அவர் முகம் தெரிய வேண்டும். எனக்கு இணைப்பில் வரும் அட்டவணை போதும்.

நோட்டீஸ் கொடுக்கக் குறைந்தது 15 முழு நாள் இருக்க வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள் உண்டு; எங்கள் இரண்டு அமைச்சகங்களும் வெள்ளிக்கிழமை. நாளுக்கு ஐந்து நோட்டீஸ்தான் என்பதால் மீனவர் கைது, ரயில், சாலை எல்லாம் கேட்க நினைக்கும் உறுப்பினர் எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். இணையவாசலில் பதிவேற்றுவது அவர் கையால்தான். பணம் வாங்கிக் கேள்வி கேட்டதாக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். 2023 டிசம்பரில் இணையவாசலின் உள்நுழைவு விவரத்தை வெளியாளிடம் கொடுத்த விவகாரத்தில் இன்னொருவர் நீக்கப்பட்டார். எங்கள் எம்.பி. ஓடிபியைத் தன் மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார். நான் எழுதியதை அவரே எழுத்தெழுத்தாகத் தட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது பெரிய சோதனை.

அப்புறம் குலுக்கல். எத்தனை நல்ல கேள்வியாக இருந்தாலும் முன்னுரிமை குலுக்கலில்தான் தீர்மானமாகிறது. எங்கள் பெயர் முன்னால் வரவில்லை. யாத்திரிகர் கேள்வி அன்ஸ்டார்டாக அனுமதிக்கப்பட்டது. சட்ட அமைச்சகக் கேள்வி அனுமதிக்கப்படவில்லை. கேட்ட விவரம் பொதுவில் கிடைக்கும் ஆவணங்களில் இருக்கிறது என்பது காரணம். விதிப்படி அதில் தவறு சொல்ல முடியாது. ஸ்டார்டாக வந்திருந்தாலும் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து கேள்விகளுக்குத்தான் வாய்மொழிப் பதில் முடியும். அவை ஒத்திவைக்கப்பட்டால் அதுவும் இல்லை. கேட்டவருக்கு உரிய இரண்டு துணைக் கேள்விகளை நாங்கள் எழுதி வைத்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை வந்த பதிலில் ஒப்பந்தப் பிரிவு இருந்தது, வழக்கமான பத்தி இருந்தது. எண்ணிக்கைக்கு நேரே, தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும் என்றிருந்தது. எம்.பி.க்கு ஏமாற்றம். எனக்கு அந்த வரிதான் வேண்டியிருந்தது. அப்படிச் சொன்னால் அது அவைக்குக் கொடுத்த உறுதிமொழி. உறுதிமொழிக் குழு அதைத் தன் பட்டியலில் ஏற்றிக்கொள்ளும், மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். கால நீட்டிப்பு கேட்பது சகஜம், ஆனாலும் கணக்கிலிருந்து அது சும்மா மறையாது. 'கேள்வி எழவில்லை' என்று பதில் வந்திருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். கடைசியில் ஆண்டுவாரி அட்டவணை வந்தது. அதை வைத்துக்கொண்டு எம்.பி. ராமேசுவரத்தில் படகுக்காரர்களையும் பங்கு மக்களையும் பார்த்துப் பேசினார். பெயர்ப் பதிவு எந்த மட்டத்தில் தாமதமாகிறது என்று அவர்கள் சொன்னது எங்களுக்கு அடுத்த கேள்வியானது.

பதில் தவறாக இருந்தால் அவைத்தலைவரின் 115-வது வழிகாட்டுதலின்படி சுட்டிக்காட்டலாம். மேலும் பேச வேண்டியிருந்தால் விதி 55-ன் கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். எங்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை.

அரசமைப்புக் கேள்வியை என்ன செய்வது? அதை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தபின், அது கேள்வி நேரத்துக்கு உரியதே இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். அது வாதம், வாதத்துக்கு விவாதம்தான் இடம். நாடாளுமன்ற நூலகத்தின் ஆய்வுச் சேவையில் எழுதிக் கேட்டால் பழைய அவைக் குறிப்புகளைத் தேடித் தருவார்கள். 1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் ஒப்பந்தத்தைப் பற்றி அறிக்கை வைத்ததும், தி.மு.க. உறுப்பினர் இரா. செழியனும் ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவரும் எதிர்த்துப் பேசியதும் அப்படித்தான் கைக்கு வந்தன. எம்.பி. அந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு, பட்ஜெட்டில் வரும் வெளியுறவு மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசுகிறேன் என்றார். பெரும்பாலான மானியங்கள் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறிவிடும் என்று சொன்னேன். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை மதியம் தனிநபர் தீர்மானமாக, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினரின் தீர்மானமாகக் கொண்டுவருவோம் என்று நோட்டீஸ் தயார் செய்யச் சொன்னார். அதற்கும் குலுக்கல்தான்.