சல்காடோவின் காடு

பிரேசில் நாட்டுப் புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காடோவின் படங்களை இரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1984-85-ல் ஆப்பிரிக்காவில், சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியின் பஞ்சத்தில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போடு சேர்ந்து எடுத்தவை. எலும்பும் தோலுமான குழந்தைகள், அவர்களைச் சுமந்து நடக்கும் தாய்மார்கள். கருப்பு வெள்ளையில் பார்க்கும்போது மனசு கனத்துப் போகிறது.

பொருளாதாரம் படித்த மனிதர். முப்பதை நெருங்கும்போதுதான் கேமராவைத் தொழிலாக எடுத்தார். அப்புறம் ருவாண்டா. 1994-ல் அங்கே நடந்த இனப்படுகொலையில் பார்த்த சாவுகள் அவர் உடம்பையே படுக்கவைத்துவிட்டன. இந்த வேலையை நிறுத்து, இல்லையென்றால் பிழைக்கமாட்டாய் என்றாராம் மருத்துவர்.

பிரேசிலுக்குத் திரும்பினார். ரியோ டோசே பள்ளத்தாக்கில் பெற்றோரின் மாட்டுப் பண்ணை. சிறுவயதில் அவர் ஓடித் திரிந்த காடு போய், வெறும் காய்ந்த மேய்ச்சல் நிலம்தான் மிச்சம். மறுபடி காடு வளர்ப்போம் என்று சொன்னது மனைவி லேலியா. சல்காடோவைப் பற்றிப் பேசும் பலரும் இந்தப் பெயரை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். அவருடைய புத்தகங்களை வடிவமைத்தவரும் லேலியாதான்.

1998-ல் இருவரும் இன்ஸ்டிடூட்டோ டெர்ரா என்ற காடு வளர்ப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த மண்ணுக்கே உரிய, பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காட்டு மரங்களாகவே தேடி நட்டார்கள். இருபது லட்சத்துக்கும் மேல் நட்டாயிற்று. வற்றிப்போன ஊற்றுகளில் திரும்ப நீர் வந்தது, பறவைகள் வந்தன.

2025 மே மாதம் சல்காடோ பாரிஸில் காலமானார், வயது 81. நேற்றிரவு கடைசியாகப் பார்த்தது அந்தப் பண்ணையின் இரண்டு படங்கள். ஒன்றில் மொட்டைக் குன்று. மற்றதில் அதே குன்று, மண்ணே தெரியவில்லை.