ஏழேகால் மணி வெயில்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் நகரில் ஆறு கோடைகாலம் மேடைப் பணியாளராக வேலை பார்த்தேன். நாற்காலி போடுவது, இசைக்குறிப்புத் தாள் வைக்கும் ஸ்டாண்டுகளை வரிசைப்படுத்துவது, வாத்தியங்களை வேனிலிருந்து இறக்குவது, இரவில் திரும்ப ஏற்றுவது. படிப்புச் செலவுக்காகச் சேர்ந்த வேலை அது. பழைய கட்டடத்தில் கச்சேரி வைப்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது கோடையில், நகரத்துக்கு வெளியே ஒரு சிறிய தேவாலயத்தில் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசைக் கச்சேரி. குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் கருவியான ஆர்கன், மர அலமாரி அளவில் சிறியது ஒன்றைக் காலையிலேயே கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைத்தோம். சுருதி சேர்ப்பவர் வந்து குழாய் குழாயாகச் சரிபார்த்துவிட்டுப் போனார். அப்போது அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் (எங்கள் ஊரில் கோயில்பிள்ளை என்போம்) வந்து நின்றார்.

“அங்கே வைக்காதீர்கள். ஏழேகால் மணிக்கு அந்த இடத்தில் வெயில் விழும்” என்றார்.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஜூலை மாதத்திலும் உள்ளே சில்லென்று இருக்கும் கல் கட்டடம். இசை நடத்துநரும் அந்த இடத்தைத்தான் கேட்டிருந்தார். சரி என்று தலையாட்டிவிட்டு நாற்காலி போடப் போய்விட்டேன்.

ஏழு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. வாசலுக்கு மேலே வட்ட ஜன்னல். ஜூலையில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும். ஏழேகாலுக்கு ஒரு கற்றை வெளிச்சம் கோயிலின் முழு நீளத்தையும் கடந்து வந்து ஆர்கனின் வலது பக்கத்தில் விழுந்தது. குழாய்க்குள் காற்று சூடானால் சுருதி ஏறும். தந்திக் கருவியோ சூட்டில் இறங்கும். வெயில் பட்ட குழாய்கள் ஒரு பக்கம், நிழலில் இருந்தவை ஒரு பக்கம், வயலின்கள் இன்னொரு பக்கம் என்று மெதுவாகப் பிரிந்தன. ஒரு நிதானமான பகுதியில் பாடகி சட்டென்று ஆர்கன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் மறக்கவில்லை. இடைவேளையில் ஆர்கனை நகர்த்தினோம். ஆனால் மறுபடி சுருதி சேர்க்க நேரம் இல்லை.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கச்சேரிக்கு முந்தின நாள், கச்சேரி நடக்கும் அதே நேரத்தில் போய் அங்கே உட்கார்ந்திருப்பேன். வெயில் எங்கே விழுகிறது, எந்தக் கதவு வழியாகக் காற்று வருகிறது, எந்த மணி எப்போது அடிக்கிறது என்று பார்ப்பேன். மணியை நிறுத்திவைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அரண்மனை முற்றங்களில் காற்றுக்குத் துணி கிளிப்தான் துணை. ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் இரண்டு. ஒத்திகையில் கேட்பதையும் அப்படியே நம்பக் கூடாது. காலியான கல் மண்டபம் ஒலியைத் தாங்கித் தாங்கி வைத்திருக்கும். மாலையில் முந்நூறு பேர் வந்து உட்கார்ந்தால் அவர்களுடைய உடையும் உடலும் பாதியை வாங்கிக்கொள்ளும்.

சால்ஸ்பூர்க் பேராலயத்தில் சிக்கல் வேறு. 1628-இல் அர்ச்சிக்கப்பட்ட கட்டடம் அது. நடுவில் குவிமாடத்தைத் தாங்கும் நான்கு தூண்களிலும் தூணுக்கொரு ஆர்கன், இசைப்பவர்கள் நிற்க ஒரு மாடம். பழைய சால்ஸ்பூர்க் தேவாலய இசையில் சில இப்படி நாலா பக்கமும் பிரிந்து நின்று பாடுவதற்கென்றே எழுதப்பட்டவை. ஒலி 34 மீட்டரைக் கடக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். எதிர்ப்பக்கம் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டு பாடினால் தாளம் பின்தங்கிவிடும். எல்லோரும் நடத்துநரின் ஒரே கையைப் பார்த்தாக வேண்டும். அந்தக் கை மறையாதபடி ஸ்டாண்டு வைப்பதுதான் எங்கள் வேலை.

பேராலயத்துக்கு வெளியே உள்ள சதுக்கத்தில்தான் 1920 ஆகஸ்ட் 22 அன்று ஒரு நாடகத்தோடு சால்ஸ்பூர்க் விழா என்ற கோடைகால இசை, நாடக விழா பிறந்தது. மழை வந்தால் அந்த நாடகம் இன்றும் உள்ளரங்குக்கு மாறிவிடும். அந்த ஊர் மழைக்கு ‘நூல் மழை’ என்றே பெயர். நூல் நூலாக விடாமல் பெய்யும். சதுக்கங்களில் மைக் வைத்து இசை நடத்துவது எனக்கு உவப்பில்லை. ஒலி பெட்டியிலிருந்து வரும்போது சுற்றியுள்ள சுவர்களுக்கு அதில் பங்கே இல்லாமல் போகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் புனித பேதுரு மடத்துக் கோயில். இந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளர் மோட்சார்ட் முடிக்காமலே விட்ட சி மைனர் திருப்பலி இசை 1783 அக்டோபர் 26 அன்று முதன்முதலில் ஒலித்தது அங்கேதான். அவர் மனைவி கான்ஸ்டான்ஸா தனிக்குரலில் பாடினார். இன்றும் கோடை விழாவில் அதை அங்கே பாடுகிறார்கள். பக்க வாசல் ஓரம் நின்று கேட்டிருக்கிறேன். பெரிய கோரஸ் முடிந்ததும் ஒலி மேலே போய்த் தேய்கிறது. அடுத்த அடியை எடுக்க அது தேயும் வரை நடத்துநர் காத்திருக்கிறார். எழுதியவர் இந்தக் கூரையை அறிந்தவர் என்று அந்த இடைவெளியில் எனக்குத் தோன்றும்.

அடுத்த வருடம் அதே சிறிய தேவாலயத்துக்குப் போனோம். ஆர்கனை வடக்குத் தூணின் நிழலில் வைத்தேன். கோயில்பிள்ளை எதுவும் சொல்லவில்லை. ஏழேகாலுக்கு வெயில் உள்ளே வந்து வெறும் தரையில் விழுந்தது. பின்வரிசையிலிருந்து அவர் அதைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். பிறகு கண்களை மூடிப் பாட்டைக் கேட்கத் தொடங்கினார்.