கற்பூர மூட்டையும் ஆக்சிமீட்டரும்

கற்பூரம், கிராம்பு, ஓமம் மூன்றையும் துணியில் முடிந்து முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறும் என்று 2021 கொரோனா இரண்டாம் அலையில் வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அது மறுபடி வந்தால் முதலில் தகவலின் மேலே பாருங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது 5 கை மாறி வந்திருக்கிறது. செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைக் கற்பூரம் மூக்கடைப்பு விட்டது போலத் தோன்றவைக்கும், அவ்வளவுதான். குழந்தை விழுங்கினால் வலிப்பே வரும்.

அப்புறம் விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் எண் ஏன் கூடுகிறது? ஏற்காட்டுக் குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் ஆக்சிமீட்டர் குறைத்துக் காட்டலாம். மூட்டையைப் பிடித்து உட்காருவதற்குள் விரல் சூடாகிவிடும், மூச்சும் ஆழமாகும். 91 என்பது 95 ஆகும். பெயர் மட்டும் ஓமத்துக்கு! மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரலைத் தேய்த்துச் சூடாக்கி, 1 நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அப்போதும் 94க்குக் கீழே என்றால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.