ஆயிரம் ஒலி வேண்டாம், ஒழுங்கான ஹை-ஹாட் ஒன்று போதும்

எலக்ட்ரானிக் டிரம் செட் விளம்பரம் எதை எடுத்தாலும் முதலில் ஒலிகளின் எண்ணிக்கைதான் இருக்கும். மேடையில் வாசிப்பவர் அவற்றில் நாலைந்து ஒலித் தொகுப்புகளைத்தான் தொடுவார். டிரம்மரைப் படுத்துவது வேறு: சென்சார், பெடல், கேபிள், ஜாக். குச்சி பேடில் படுவதற்கும் காதில் சத்தம் விழுவதற்கும் நடுவே இருக்கிற சாமான்கள் இவை. வடிவமைப்பவர்கள் காசைக் கொட்ட வேண்டியது இங்கேதான்.

ஹை-ஹாட்டிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். அசல் ஹை-ஹாட் காலால் திறந்து மூடும் ஒரு ஜோடித் தட்டு; அந்த இரண்டு தட்டுகளுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் ஒலி மாறும். இறுக்கி மூடினால் 'டிக்', கொஞ்சம் தளர்த்தினால் 'ட்ஸ்ஸ்', காலாலேயே தட்டி உடனே விட்டால் மெல்லிய தெறிப்பு. மலிவான செட்டின் பெடலில் இருப்பது திறப்பு, மூடல், நடுவே ஒன்றிரண்டு படிகள் மட்டுமே. மின்னிசைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியான மிடியில் ஹை-ஹாட் பெடலுக்கு வழக்கமாகப் பயன்படும் 4-ஆம் கன்ட்ரோலரில் 0 முதல் 127 வரை இடமிருக்கிறது. அதைப் பெடல் பயன்படுத்துவதில்லை. சோதித்துப் பார்ப்பது எளிது. ஒலியை உண்டாக்கும் பெட்டியான மாட்யூலைக் கணினியில் இணைத்து, வரும் எண்களைக் காட்டும் மிடி மானிட்டரைத் திறந்துவைத்து, பெடலை மிக மெதுவாக அழுத்துங்கள். எண் சீராக ஏற வேண்டும். 0, 40, 90, 127 என்று தாவினால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை.

இன்னொரு சிக்கல் தேய்மானம். பல பெடல்களில் ஒரு ரப்பர் கூம்பு, அழுத்தத்தை உணரும் படலத்தின் மீது அமுங்கும். ரப்பர் இறுகிப்போனாலோ படலம் தேய்ந்தாலோ, பாதி திறந்த நிலை நாளாக நாளாக இடம் மாறிவிடும். காலை மேலே சும்மா வைத்திருந்தாலே மாட்யூல் 'மூடியது' என்று எடுத்துக்கொள்ளும். காந்தமோ ஒளியோ வைத்துத் தொடாமலே தூரத்தை அளக்கும் சென்சார் போட்டால் தேய்வதற்கு எதுவும் இல்லை. ஸ்டாண்டில் மேல் தட்டைப் பிடித்திருக்கும் கிளட்ச் சற்று நழுவினாலும் மாட்யூல் தானே புது எல்லையைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்; ஒவ்வொரு முறையும் மெனுவுக்குள் போய்த் தேடவைக்கக் கூடாது.

அடுத்தது ஸ்நேர், டிரம்மரின் மடிக்கு முன்னால் இருக்கும் டிரம். 1981-இல் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 எலக்ட்ரானிக் டிரம்மின் அறுகோணப் பேடுகள் கெட்டியான பாலிகார்பனேட்டால் ஆனவை, வாசித்தவர்களின் மணிக்கட்டைப் பதம்பார்த்தவை. 1997-இல் ரோலண்ட் டிடி-10 தொகுப்போடு வலைத்தோல் வந்த பிறகுதான் கைக்கு நிம்மதி. ஆனால் வலைத்தோலுக்கு அடியில் நடுமையத்தில் ஒரே ஒரு ஃபோம் கூம்பும் அதிர்வை மின்சாரமாக்கும் பிசோ தகடும் வைக்கும் பழக்கம் இன்னும் பல பேடுகளில் தொடர்கிறது. கூம்பின் உச்சியில் அடி பட்டால் ஒலி எகிறும். நாலு விரல் தள்ளி அதே வேகத்தில் அடித்தால் அடங்கும். ஸ்நேரை நடுவில் அடிப்பதுதானே டிரம்மரின் இயல்பு! மூன்று நான்கு சென்சார்களை ஓரங்களில் வைத்துக் கணக்கை மாட்யூலிடம் விட்டால் இது தீரும். இருக்கிற பேடை வைத்துச் சமாளிப்பவர்கள் தோலைக் கழற்றிக் கூம்பைப் பாருங்கள். விளிம்பு மட்டத்துக்கு மேலே 2 அல்லது 3 மில்லிமீட்டர் நிற்க வேண்டும். அமுங்கித் தாழ்ந்திருந்தால் மெல்லிய அடிகள் பதிவாகாது. அதற்காகச் சென்சிடிவிட்டியை ஏற்றினால் நடுமைய எகிறல் இன்னும் மோசமாகும்.

ஓர் அடிக்கு இரண்டு ஒலி வந்தால் எல்லோரும் மாஸ்க் டைமைத்தான், அதாவது ஓர் அடிக்குப் பின் மாட்யூல் அடுத்ததைக் கண்டுகொள்ளாத நேரத்தைத்தான், ஏற்றுகிறார்கள். 10 மில்லிசெகண்டைச் சுற்றி இருக்கும்வரை பரவாயில்லை. 30, 40 என்று போனால் இரண்டு அடிகள் நெருங்கி விழும் ஃப்ளாமில் இரண்டாவது அடி காணாமல் போகும், அடுக்கடுக்காக அடிக்கும் ரோல் ஓட்டையாகும். முதலில் தோலின் இறுக்கத்தைச் சரிபாருங்கள். தொளதொளத்த தோல் அடித்த பிறகும் ஆடிக்கொண்டே இருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

கிக் டிரம்மை மிதித்தால் குச்சியால் அடிக்கும் டாம் டிரம் ஒலிப்பதும் இதே போன்றதுதான். பேடுகளைத் தாங்கும் ரேக்கின் இரும்புக் குழாய் அதிர்வை ஒரு பேடிலிருந்து இன்னொன்றுக்குச் சுமந்து செல்கிறது. இப்படிப் பரவும் அதிர்வைக் கண்டுகொள்ளாமல் விடச் செய்யும் கிராஸ்டாக் கேன்சல் எண்ணை உயர்த்தினால் அந்த டாமில் மென்மையான அடிகளும் சேர்ந்து அழிந்துவிடும். கிளாம்புக்குள் ரப்பர் புஷ் வைத்து அதிர்வை அங்கேயே நிறுத்துவது தயாரிப்பாளரின் வேலை. அதுவரை ஸ்நேரைத் தனி ஸ்டாண்டில் வையுங்கள், பாதித் தொல்லை போய்விடும்.

தாமதத்தைப் பற்றியும் ஒளிவுமறைவு வேண்டாம். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகிறது. மாட்யூல் 5 மில்லிசெகண்ட் எடுத்தால் டிரம் 1.7 மீட்டர் தள்ளி இருப்பது போல. அது வாசிக்கக்கூடியதே. மானிட்டர் ஸ்பீக்கர் 3 மீட்டர் தள்ளி இருந்தால் இன்னும் 9 மில்லிசெகண்ட் கூடும். ஆகவே மாட்யூலின் தாமத எண்ணைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். புளூடூத் ஹெட்போனில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும், அதில் வாசிக்கவே முடியாது. பாட்டை உள்ளே அனுப்பப் புளூடூத், கேட்பதற்கு ஒயர்.

நம் மெல்லிசை மேடைகளில் பேட் என்றால் ஆக்டோபேட்தான். 1985-இல் ரோலண்ட் தொடங்கிய அந்த எட்டுப் பேட் வரிசையில் தபலா, டோலக், தவில், பறை எல்லாம் குச்சியால் வாசிக்கப்படுகின்றன. டோலக்கின் இடந்தலையில் கை அழுந்தும்போது சுருதி வளையும். ஒரே பதிவைச் சத்தம் கூட்டிக் குறைத்துத் திருப்பிப் போட்டால் அந்த வளைவு வராது. அடித்த பின் பேடை அழுத்தினால் சுருதி மாறுகிற சென்சார் வேண்டும். அடியின் வலுவுக்கேற்ப வேறு வேறு பதிவுகளும், ஒரே வலுவிலும் மாறி மாறி வரும் நாலைந்து பதிவுகளும் வேண்டும். இல்லையென்றால் வேகமான சொற்கட்டு தையல் மெஷின் ஓடுவது போலக் கேட்கும்.

தாள வேகத்தைக் காட்டும் கிளிக் ஹெட்போனுக்கு மட்டும் போக வேண்டும், மெயின் அவுட்டுக்கு ஒருபோதும் போகக் கூடாது. சவுண்ட் என்ஜினீயர் சமன் செய்ய கிக், ஸ்நேர் இரண்டுக்கும் தனி அவுட், மீதிக்கு ஒரு ஸ்டீரியோ ஜோடி, ஆகக் குறைந்தது நான்கு அவுட் வேண்டும். அடாப்டர் பின் திருகிப் பூட்டும்படி இருக்கட்டும். ஜெனரேட்டருக்கு மாறும் நொடியில் மாட்யூல் அணையாமலிருக்க உள்ளே சின்ன பேட்டரி ஒன்று.

எல்லாப் பேடுகளுக்கும் ஒரே கொத்தாக வரும் 25 பின் கேபிளில் ஓர் இழை அறுந்தாலும் கொத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. சாதாரண 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ கேபிள் எந்த மியூசிக் கடையிலும் கிடைக்கும். பேடில் உள்ள ஜாக்கை வெறும் சர்க்யூட் போர்டில் பற்றவைத்து விடாமல், உடலில் நட் போட்டு இறுக்கினால் கேபிளை யார் மிதித்தாலும் சாலிடர் விடாது. விட்டாலும் நாமே திறந்து பற்றவைக்கலாம், பேடின் அடியில் நாலு ஸ்க்ரூ இருந்தால். ஒட்டி மூடிய பேடில் அதற்கு வழியே இல்லை.