சனிக்கிழமை சாப்பாட்டு டப்பா

நாங்க ஆறு பேரு. கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு அடுக்குமாடி பிளாட்டுல இருக்கற வயசானவங்களுக்கு சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு கொண்டுபோயி குடுக்கறோம், மூணு வருஷமாச்சு. சங்கம்னு எதுவும் பதிவு பண்ணல, கோயில் அன்னதானத்துல பரிமாறிக்கிட்டிருந்த ஆளுங்கதான், தவறாம வர்ற ஒரு தாத்தா ரெண்டு வாரமா காணோமேன்னு வீட்டுக்குப் போயி பாத்தோம், காலு வீங்கி படுத்திருந்தாரு, லிஃப்ட் கெட்டுப்போயி இருந்துச்சு, அன்னிக்கு ஆரம்பிச்சது.

முதல்ல எல்லாத்தையும் பிளாஸ்டிக்ல கடை பார்சல் மாதிரி கட்டிக் குடுத்துட்டு வந்துடுவோம். இப்ப எவர்சில்வர் டப்பா. குடுத்த டப்பாவ அடுத்த வாரம் திரும்ப வாங்கணும்ங்கறதால கதவு தெறக்கற வரைக்கும் நிப்போம், அவங்க முகத்த பாத்துட்டுதான் வருவோம். டப்பாவே நெறைய சொல்லிடும். கழுவாம வந்தா கை முடியலையோன்னு கேப்போம், சோறு அப்படியே கெட்டுப்போயி இருந்தா உடம்பு முடியல இல்லன்னா சாப்பிட விடலைன்னு நெனைப்போம், வேற யாராவது வந்து "தூங்கறாங்க"ன்னு டப்பாவ வாங்கிக்கிட்டா சரி, ஆனா மூணு வாரம் தொடர்ந்து தூங்கறாங்கன்னா அது தூக்கம் இல்ல.

இத நாங்க நல்லவிதமா கத்துக்கல. ஒரு பாட்டி இருந்தாங்க, ரயில்வேல வேலை செஞ்சவரோட சம்சாரம், புருஷனோட பென்சன் அவங்களுக்கு வந்துக்கிட்டிருந்துச்சு. பேங்க் கார்டு பையன்கிட்ட. கண்ணாடி ஒரு பக்கம் உடைஞ்சு நூல் கட்டி போட்டிருந்தாங்க, பிரஷர் மருந்து முடிஞ்சு எத்தன நாளோ. எங்கள்ல ஒருத்தருக்கு கோவம் தாங்கல, வாசல்லயே பையன நிக்க வச்சு "அம்மா காசு எங்கண்ணே போகுது"ன்னு அக்கம்பக்கம் கேக்கற மாதிரி கேட்டுட்டாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன், தடுக்கல. அடுத்த சனிக்கிழமை கதவு தெறக்கல. அதுக்கடுத்த வாரம் வீடே காலி. பாட்டி இப்ப எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது. அவங்க டப்பாவ கழுவி வாசல்ல வச்சிட்டுப் போயிருந்தாங்க.

அதுக்கப்புறம் பிள்ளைங்க முன்னாடி எதுவும் கேக்கறதில்ல. கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போறோம்னு சொல்லி கார்ல ஏத்திக்கிட்டு தனியா பேசுவோம். "உங்கள கொடுமைப்படுத்தறாங்களா பாட்டி"ன்னு கேட்டா எந்தத் தாயும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க, பெத்த புள்ளைக்கு அந்த வார்த்தைய போட அவங்களுக்கு நாக்கு வராது. "கார்டு யாருகிட்ட இருக்கு, ஐசி (அடையாள அட்டை) யாருகிட்ட இருக்கு, கடைசியா எப்ப கோயிலுக்குப் போனீங்க"ன்னு கேட்டா பேசுவாங்க. பேசிட்டு உடனே "அவன ஒண்ணும் சொல்லிடாதம்மா, அவனுக்கு வேலை போச்சு"ம்பாங்க. அவங்க கேக்கறது நியாயம்தான், அவங்களுக்கு காசு திரும்பி வரணும், மகனும் வேணும். உலகத்துல 60 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல ஆறு பேருக்கு ஒருத்தர் ஒரு வருஷத்துல ஏதாவது ஒரு விதத்துல கொடுமைக்கு ஆளாகறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்க பிளாட்டுக்குள்ள ஏறி இறங்கின எனக்கு அது அதிகமாவே தோணல.

சட்டம் ஒண்ணும் இல்லன்னு நம்மாளுங்க நெறைய பேரு நெனைக்கறாங்க. 1994 குடும்ப வன்முறைச் சட்டம் புருஷன் பொண்டாட்டிக்கு மட்டும் இல்ல, குடும்பத்துல உள்ள மத்தவங்களுக்கும் சேத்துதான். 2017 திருத்தத்துல ஏமாத்தி சொத்த எடுத்துக்கிட்டு மனசு நோக வைக்கறதும் குடும்ப வன்முறைதான்னு சேத்துட்டாங்க. உடம்புக்கே ஆபத்துன்னா கோர்ட்டு வரைக்கும் போகாம சமூகநல இலாகா அதிகாரியே ஏழு நாளைக்கு அவசர பாதுகாப்பு உத்தரவு குடுக்கலாம். ராத்திரி எத்தன மணியானாலும் 15999-க்கு கூப்பிடலாம், அது தாலியான் காசிஹ்ங்கற அரசாங்க உதவி லைன், இந்த நம்பர பெரிய எழுத்துல எழுதி ஃபிரிஜ்ல ஒட்டிட்டு வர்றோம், ஆனா அத ஒட்டறதுக்கு முன்ன அந்த வீட்டுல அது ஆபத்தாகுமான்னு பாத்துக்கறோம்.

வீட்டு கிராண்ட், அதாவது வீட்டுப் பத்திரம், அந்த விஷயம் தனி. "பேங்க் லோனுக்கு ஒரு கையெழுத்து"ன்னு சொல்லி 14ஏ பாரத்த நீட்டுவாங்க, அது லோன் பாரம் இல்ல, பேரு மாத்தற பாரம். பதிவாயிட்டா வீடு அவங்க பேருக்குப் போயிடும், திரும்ப வாங்கறதுக்கு கோர்ட்டு வருஷக்கணக்கா இழுக்கும். பிள்ளைக்குத்தான் குடுக்கணும்னு ஆசையா, உயிலா எழுதுங்க, உயிரோட இருக்கற வரைக்கும் உங்க பேருலயே இருக்கட்டும். இத எந்த தாத்தா பாட்டிய பாத்தாலும் நான் சொல்லாம விடறதில்ல.

கையில ஒண்ணும் இல்லாத, பாத்துக்க யாரும் இல்லாதவங்களுக்கு சமூகநல இலாகால முதியோர் உதவித்தொகை இருக்கு, 2025-லேருந்து மாசம் 600 வெள்ளி (ரிங்கிட்), முன்ன 500. பாரம் நிரப்ப நாங்க கூட உக்காருவோம். பணம் அவங்க சொந்த கணக்குக்குத்தான் வரணும்னு பிடிவாதமா நிப்போம், அந்த ஒரு விஷயத்துல யாருக்கும் விட்டுக்குடுக்கறதில்ல.

ஆனா எல்லா வீட்டுலயும் கெட்ட பிள்ளைங்க இல்ல, இத நான் சொல்லியே ஆகணும். ஒன்பதாவது மாடியில ஒரு அக்கா, கல்யாணம் பண்ணிக்கல, மறதி நோய் வந்த அம்மாவ தனி ஆளா பாத்துக்கறாங்க. ராத்திரில அம்மா கதவத் தெறந்துக்கிட்டு ரப்பர் தோட்டத்துக்கு பால் வெட்டப் போகணும்னு கெளம்பிடறாங்க, தோட்டத்த விட்டு வந்து நாப்பது வருஷம் ஆச்சு. அக்கா கத்தற சத்தம் கீழ் மாடி வரைக்கும் கேக்கும். பக்கத்து வீட்டுக்காரங்க புகார் பண்ணணும்னாங்க. நாங்க போயி கேட்டப்ப அந்த அக்கா அழுதாங்க, ஒரு தடவ கையில அடிச்சிட்டேன்னு அவங்களே சொன்னாங்க. அந்த வீட்டுக்கு போலிஸ் வேணாம், ஆள் வேணும்னு முடிவு பண்ணோம். இப்ப செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி நேரம் எங்கள்ல ஒருத்தர் பாட்டிகூட உக்காந்து பழைய தோட்டக் கதைய கேட்டுக்கிட்டிருப்பாங்க, அக்கா பசாருக்கு (மார்க்கெட்டுக்கு) போயிட்டு வருவாங்க. ஒரு வாரம் பசாருக்குக் கூட போகலயாம், கீழ கல்லு பெஞ்சுல சும்மா உக்காந்துட்டு வந்தேன்னாங்க. சத்தம் கொறைஞ்சிருக்கு.

மறதி உள்ளவங்க இன்னும் ரெண்டு வீட்டுல இருக்காங்க. செந்தூல், ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கறவங்க யாராவது புதன்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் வந்து உக்காரமுடியும்னா சொல்லுங்க. சமைக்கத் தெரியணும்னு அவசியம் இல்ல, ஒரே கதைய நாலு தடவ கேக்கறதுக்கு பொறுமை இருந்தா போதும்.