வேடியப்பன் கல்லும் காலியான கட்டமும்

சண்டையில் இறந்த வீரனுக்கு அந்தக் காலத்தில் நட்ட நடுகல்லைப் படம் எடுப்பதில் பெரும்பகுதி வெயிலுக்குக் காத்திருப்பதுதான். உச்சி வெயிலில் எடுத்தால் அதில் வெட்டிய வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து கண்ணுக்கே தெரியாது. காலையிலோ மாலையிலோ பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போதுதான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். மாவு தடவியும் சாக்பீஸ் தேய்த்தும் எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; நான் செய்வதில்லை. செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் இந்தக் கற்களில் பல வேடியப்பன் என்ற ஊர்ச்சாமியாக ஆகிவிட்டவை. எண்ணெய், மஞ்சள், குங்குமம், இப்போது எனாமல் பெயிண்டும் சேர்ந்துகொண்டது. கும்பிடுகிற கல்லில் கை வைக்கக் கூடாது என்று பழகிவிட்டேன்.

வயலில் அப்படி ஒரு கல்லைக் கும்பிட்டுவரும் ஒரு ஆயாவிடம் எண்ணெயைத் துடைக்கலாமா என்றுகூட நான் கேட்கவில்லை. மாலையை அவரே நகர்த்தி வைத்தார். எடுத்து முடித்து, ஸ்கேலை மடக்கிவிட்டுக் கல்லைப் பதிவு செய்யும் படிவம் எழுத உட்கார்ந்தபோதுதான் கேட்டார்.

"இன்னா தம்பி எழுதற?"

"கல்லு எந்த ஊர்ல, எந்த எடத்துல இருக்குதுன்னு எழுதறேன் ஆயா."

"படம் வேணும்னா எடுத்துக்க. எடத்த எழுதாத. எழுதினா லாரி வரும்."

லாரி என்றதும் புரிந்தது. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களும் ஒரு காலத்தில் ஏதோ வயலோரத்தில், ஏரிக்கரையில் நின்றவைதானே. எடுத்துப் போனதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். சாலைக்கு ஜல்லியாகப் போவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அங்கே யாரும் பொங்கல் வைப்பதில்லை.

"எழுதல ஆயா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. டீ வாங்கித் தரட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

சொன்னபடியே செய்தேன். அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டத்தைக் காலியாக விட்டேன். போனில் எடுத்த படங்களுக்குள் ஒளிந்திருக்கும் இடத் தகவலையும் நீக்கினேன். வட்டத்தின் (தாலுகாவின்) பெயரோடு நிறுத்திக்கொண்டேன். படிவம் முழுதாக இருந்தால்தான் அந்தக் கல்லைப் பதிவு செய்ததற்கு எனக்குரிய பணம் வரும்; வரவில்லை. பணம் போனதும் நான் நேர்மையாக நடந்துகொண்டதாகக் கொஞ்ச நாள் ஒரு திருப்தி. பணம் போவதற்கும் முடிவு சரியாக இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

இதே பக்கத்து எடுத்தனூர்க் கல்லை நினைத்துப் பாருங்கள். பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்தவனுக்கு எடுத்த கல். அதில் அவன் நாய்க்கும் பெயர் இருக்கிறது: கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற நாய். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், யாரோ அந்த ஊருக்குப் போய், படி எடுத்து, எந்த ஊர்க் கல் என்று எழுதி வைத்ததால்தான். தொல்லியல் துறை 1972இல் செங்கம் நடுகற்களை நூலாகப் போட்டபோது ஊர்ப் பெயர்களை விட்டிருந்தால் அதில் பாதிக்குப் பொருளே இருந்திருக்காது. யாருடைய நாடு எதுவரை, எந்த ஊர் மாட்டை எந்த ஊர்க்காரன் ஓட்டினான் என்பதெல்லாம் கல் நிற்கிற இடத்தை வைத்துத்தான் தெரியவருகிறது.

இதைவிட என்னைக் குடைவது வேறு. தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டு இறந்தவன் இன்ன ஊரான், இன்னாரின் மகன் என்று ஊரறியச் சொல்லத்தானே கல்லை நட்டார்கள்? ஆயாவின் கல்லில் பக்க வெளிச்சத்தில் 'பட்டான்', அதாவது இறந்தான், என்ற சொல் மட்டும் எனக்குத் தெரிந்தது. அரசன் பெயர் வரவேண்டிய மேல்வரி மஞ்சளுக்கு அடியில். அதன் கீழே ஊர்ப் பெயரும் இருக்கலாம். செத்தவன் ஊரைச் சொல்லியிருக்க, நான் மறைக்கிறேன்.

ஆனால் செத்தவனுக்கு இன்றைக்கு விளக்கேற்றுவது நான் இல்லையே.

நிலத்துக்காரர்கள் பயப்படுவது வேறு கதை. பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு ஒன்றும் கட்டக் கூடாது என்று 2010 சட்டத் திருத்தத்துக்குப் பின் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அது மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு. வயலில் தனியாக நிற்கும் கல்லுக்குப் பொருந்தாது. இதை விளக்கினால் தலையாட்டுவார்கள், நம்பமாட்டார்கள். ஆயாவின் மகனும் அதைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். சாலைக்கு வந்து பைக்கை எடுக்கும்போது பின்னாலேயே வந்தார்.

"சார், ஆபீஸ்ல சொல்லி இத எடுத்துனு போகச் சொல்லுங்க. போர் போடறதுக்கு நீரோட்டம் பார்த்தவரு அந்த எடத்தத்தான் காட்டறாரு."

"அம்மா ஒத்துக்குவாங்களா?"

"அம்மா இருக்கற வரைக்கும் நான் தொடமாட்டேன் சார்."

அவர் வார்த்தையை நான் சந்தேகிக்கவில்லை. பட்டா அவர் பெயரில் இருந்தும் அம்மாவுக்காகக் காத்திருக்கிறவர். ஆனால் அதற்கப்புறம்? அரசாங்கப் பதிவில் இடம் இருந்தால் பொக்லைன் வைத்துத் தள்ளுமுன் கொஞ்சமாவது யோசிப்பார். இடம் இல்லாத கல்லைப் பற்றி யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆயா பயப்படுகிற லாரியே கடைசியில் அந்தக் கல்லைக் காப்பாற்றக்கூடும். இதை அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்றது படிவத்தில்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆயா அப்படிப் புரிந்துகொண்டிருக்க மாட்டார். பதிவு வேலையின் ஒருங்கிணைப்பாளர் விடுபட்ட விவரங்களைக் கேட்டு மறுபடி அனுப்பியிருக்கிறார். வட்டத்தின் பெயர் போதாதா என்று பதில் போட்டிருக்கிறேன். போதாது என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.